அலமேலுவின் சாட்சியை நான் திருத்தியது

போன வாரம் கல்லூரியிலிருந்து போன் வந்தது. பேசியவர் நான் ஓய்வு பெற்ற பிறகு என் பாடத்தை எடுத்துக்கொண்ட இளம் விரிவுரையாளர். என்னிடம் படித்தவர்தான். ஜூனில் புதுப் பருவம் தொடங்குகிறதாம், முதல் வாரமே பிரசங்க வகுப்பாம், அதற்கு என்னுடைய "அந்தத் தாள்" வேண்டுமாம். பழைய பிரதியைக் கரையான் தின்றுவிட்டது என்று வருத்தப்பட்டார். கரையானுக்கு இருந்த புத்தி எனக்கு வகுப்பு எடுத்த இருபத்தாறு வருஷமும் இல்லாமல் போயிற்று என்று சொல்ல வாய்வரை வந்தது. எழுதி அனுப்புகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் கேட்டது ஒரு பக்கத் தாள். நான் எழுத உட்கார்ந்திருப்பது இது.

எங்களுடையது கள்ளக்குறிச்சிக்கு வெளியே கரும்பு வயல்களுக்கு நடுவில் இருக்கும் சின்ன இறையியல் கல்லூரி. அறுபது பேர் படிப்பார்கள், அதில் பாதிக்கு மேல் பெண்கள். போதகர்களும் ஊழியர்களும் உருவாகிற இடம். அங்கே நான் பிரசங்கம் செய்யச் சொல்லிக்கொடுத்தேன். பிரசங்கத்துக்கு முன்னால் சாட்சி சொல்லச் சொல்லிக்கொடுத்தேன். சாட்சி என்றால் கோர்ட்டில் சொல்வது அல்ல. கடவுள் தன் வாழ்க்கையில் என்ன செய்தார் என்பதை ஒருவர் சபை முன்னால் எழுந்து நின்று சொல்வது. எங்கள் வட்டாரத்தில் நல்ல பிரசங்கியைவிட நல்ல சாட்சிக்காரனுக்குத்தான் மவுசு அதிகம்.

நான் வடக்கனந்தல்காரன். அப்பா கிராமத்துச் சபையின் உபதேசியார், கோயிலில் மணி அடிப்பதிலிருந்து கல்லறைக்குக் குழி அளப்பதுவரை அவர்தான். நான் இறையியல் படித்த நான்கு வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கிரேக்க வினைச்சொற்கள், விடுதிச் சாம்பார், ஞாயிறுதோறும் இரவல் சைக்கிளில் ஏதாவது ஒரு கிராமம். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். முதல் வருஷம் என்னையும் சாட்சி சொல்லச் சொன்னார்கள். உபதேசியார் மகனிடம் என்ன சாட்சி இருக்கும்? ஒரே ஒரு தடவை ஒரு பீடியைப் பாதி குடித்து வாந்தி எடுத்திருக்கிறேன். அந்தப் பாதி பீடி மேடையில் ஒரு கட்டு ஆனது. அடுத்த ஊரில் அதோடு சீட்டாட்டம் சேர்ந்தது. மூன்றாவது ஊரில் நான் வீட்டை விட்டே ஓடிப்போயிருந்தேன். ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்பா மூன்றாவது ஊரில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்குக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படிக் கற்றுக்கொண்டதைத்தான் பிறகு பாடமாக்கினேன். என் தாளில் ஐந்து படிகள் உண்டு. இருள், விழுகை, சந்திப்பு, மாற்றம், அழைப்பு. ஒவ்வொன்றுக்கும் இத்தனை நிமிஷம் என்று கணக்கு உண்டு. இருட்டைச் சொல்வதில் கஞ்சத்தனம் கூடாது என்பது வகுப்பில் என் வழக்கமான வசனம். எந்த இடத்தில் குரலை இறக்குவது, எங்கே தண்ணீர் குடிப்பது என்பதுகூட அதில் இருக்கும். சங்கராபுரம் பக்கத்துப் பையன் ஒருவன், ஞாயிறு பள்ளிக்கு ஒரு நாள்கூட மட்டம் போடாதவன். அவன் செய்த ஒரே பாவம் விடுதியில் இரண்டாவது முட்டை எடுத்தது. அதை நான் "திருட்டு வாழ்க்கை" ஆக்கிக் கொடுத்தேன். அன்று அவனுக்காக ஒரு சபையே முழங்காலில் நின்றது. ராத்திரிச் சாப்பாட்டில் எல்லோரும் அவன் தட்டில் ஒரு முட்டையை வைத்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறோம் என்று எனக்கு உறைக்கவே இல்லை. சமையலில் உப்புப் போடுவதுபோல நினைத்தேன்.

எங்கள் முதல்வரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. உயரமான மனிதர், குரல் சன்னம். பருவம் தொடங்குவதற்கு முந்தின நாள் முழுதும் அவர் விண்ணப்பப் படிவங்களோடு உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு மாணவருக்கும் போன் போட்டு, உங்கள் ஊர்ப் பெயரை உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள், அப்பா பெயரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்பார். பென்சிலில் குறித்துக்கொள்வார். மறுநாள் சிற்றாலயத்தில், நின்றபடியே, அறுபது பெயரையும் ஊரோடும் தகப்பன் பெயரோடும் ஒரு பிசகு இல்லாமல் வாசிப்பார். பெயர் வந்ததும் மாணவர் முன்னால் வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். முதல்வருடைய பேனாதான். அவர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். ஒருவர் எழுதி முடித்து நிமிரும்வரை அடுத்த பெயரைச் சொல்ல மாட்டார். மதிய வெயில் ஏறி விருந்தினர்கள் விசிறிக்கொள்ள ஆரம்பித்தாலும் அவசரப்பட மாட்டார்.

கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைப்பார். துடைத்து முடித்து ஒரே ஒரு கேள்வி கேட்பார். நாம் என்ன பதில் சொன்னாலும் அதை எடுத்துக்கொள்வார். இரண்டாம் முறை கேட்டதை நான் பார்த்ததில்லை. திட்டுகிற முதல்வர்களிடம் தப்பிக்கலாம். இவரிடம் நாம் சொன்ன பதிலிடமிருந்து தப்பிக்க முடியாது.

பதிவேடு முடிந்ததும் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் புதியவர்களை வரவேற்றுச் சாட்சி சொல்வார். யார் என்று தேர்ந்தெடுப்பதும் தயார்செய்வதும் என் பொறுப்பு. கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து அத்தனை பேர் செத்துப்போன வருஷம் அது. ஊரே சாவு வீடாக இருந்ததால் பருவத் தொடக்கத்தைத் தள்ளிவைத்திருந்தோம். முதல்வர் விடுதிக்கு வந்துவிட்டிருந்த மாணவர்களை இரண்டு இரண்டு பேராகக் கருணாபுரத்து வீடுகளுக்கு அனுப்பினார். பிரசங்கம் வேண்டாம், தண்ணீர் பிடித்துக் கொடுங்கள், பாத்திரம் தேய்த்துக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். எனக்கு வேறு கணக்கு. சென்னையிலிருந்து விருந்தினர்கள் வருகிறார்கள், எல்லோர் மனசிலும் சாராயம்தான் இருக்கிறது, குடியிலிருந்து விடுதலை பெற்ற ஒரு குடும்பத்தின் சாட்சி இப்போது எப்படி எடுபடும் என்று யோசித்தேன். மலைப்பெண் ஒருத்தி சொன்னால் இன்னும் எடுபடும். அலமேலுவைக் கூப்பிட்டேன்.

அலமேலுவுக்கு அப்போது இருபது வயது. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் உள்ளே தள்ளி ஒரு சிற்றூர், ஊர் கேட்டால் வெள்ளிமலை என்றுதான் சொல்வாள். பள்ளிக்காக அடிவாரத்து விடுதி ஒன்றில் தங்கிப் படித்தவள், அங்கேதான் கிறிஸ்துவை அறிந்தாள். வகுப்பில் அதிகம் பேச மாட்டாள். கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில். சாட்சியை எழுதிவரச் சொன்னதற்கு அரைப் பக்கம் எழுதி வந்தாள். அது எனக்கு இன்றைக்கும் வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது.

"எனக்கு ஆறு வயதில் அம்மா இறந்துபோனார். அப்பா வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்குத் தலை பின்னி விடுவது அப்பாதான். ஒரு சடை மேலே இருக்கும், ஒரு சடை கீழே இருக்கும். விடுதியில் எல்லோரும் கடவுளைப் பிதாவே என்று கூப்பிட்டு ஜெபித்தார்கள். பிதா என்றால் அப்பா என்று டீச்சர் சொன்னார். அப்படியானால் இவரை எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அன்றிலிருந்து ஜெபிக்கிறேன். என் அப்பா இன்னும் எங்கள் மலைச்சாமி கரியராமரைத்தான் கும்பிடுகிறார். ஆனால் என்னைப் படிக்க அனுப்பினார்."

இவ்வளவுதான். முப்பது வருஷம் இறையியல் படித்து நான் சொல்ல முடியாததை அந்தப் பெண் அரைப் பக்கத்தில் எழுதியிருந்தாள். நான் சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டு, "இதுல இருட்டு எங்கம்மா?" என்று கேட்டேன்.

இருட்டு இல்லை என்றாள். உங்கள் ஊரில் யாரும் குடிப்பதில்லையா என்று கேட்டேன். சித்தப்பா குடிப்பார், சித்தியை அடிப்பார் என்றாள். எனக்கு முகம் மலர்ந்ததை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. எழுதச் சொன்னேன். முதல் தடவை "எங்கள் வீட்டில் குடி இருந்தது" என்று திருத்தினேன். சித்தப்பா வீடு பக்கத்து வீடு என்றாள். ஒரே குடும்பம்தானே என்றேன். இரண்டாம் தடவை சிற்றாலயத்தில் நிறுத்தி ஒத்திகை பார்த்தபோது வார்த்தை எடுபடவில்லை. சித்தப்பா குடித்தால் யார் அழுவார்கள்? தாளை வாங்கி, சித்தப்பாவை அடித்துவிட்டு மேலே "என் தகப்பனார்" என்று எழுதினேன். சித்தியை அடித்து "என் தாயார்" என்று எழுதினேன். கடைசியில் இயேசு அவரைத் தொட்டார், இன்று அவர் புது மனிதர் என்று ஒரு வரியைச் சேர்த்தேன். கரியராமர் வரி போயிற்று. சடை போயிற்று.

"அப்பா குடிக்க மாட்டாருங்க சார்" என்று சொல்லிப் பார்த்தாள். உவமைகளில் வருகிற ஆட்கள் எல்லாம் நிஜமாகவே இருந்தவர்களா, கேட்கிறவர்களுக்குப் பயன்பட்டால் போதாதா என்று அவளை மடக்கினேன். அதோடு, அப்பா மலையில் இருக்கிறார், அவர் காதுக்கு எங்கே போகப்போகிறது என்றும் சொன்னேன். இருபது வயதுப் பெண், மார்க் போடுகிற வாத்தியாரிடம் எத்தனை தடவை இல்லை என்று சொல்வாள்? தாளை வாங்கிக்கொண்டு போய் மனப்பாடம் செய்தாள்.

பழைய மாணவர்களின் பெற்றோர் தொடக்க நாளுக்கு வருவது வழக்கமில்லை. அதனால் அன்று காலை வாசலில், வெளுத்த வேட்டியும் தோளில் ஒரு மூட்டையுமாக நின்றவரை நான் புது மாணவர் யாரோ ஒருவரின் உறவு என்று நினைத்துத் தாண்டிப் போனேன். முதல்வர்தான் அவர் கையைப் பிடித்து அழைத்துவந்து மூன்றாவது பெஞ்சில் உட்காரவைத்தார். மூட்டையில் சாமை அரிசி, விடுதிக்கு. அவர் யார் என்பது பதிவேடு வாசித்தபோதுகூட எனக்குத் தட்டவில்லை. முதல்வர் "வெள்ளிமலை, கோவிந்தன் மகள் அலமேலு" என்றதும் அந்த மனிதர் தன்னைத்தான் கூப்பிட்டார்களோ என்று பாதி எழுந்து உட்கார்ந்தாராம். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தாராம். முன்னால் இருந்த எனக்குச் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

அலமேலு பேச வந்தாள். முதல் இரண்டு வரி சரளமாக வந்தது. பிறகு நிமிர்ந்து பெஞ்சுகளைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சபைக் கூச்சம் என்று நினைத்தேன். முதல் வரிசையில் இருந்த நான், பயிற்சி கொடுத்தவன் என்ற முறையில், தலையை ஆட்டி உற்சாகப்படுத்தினேன். அவள் நகரவில்லை. அடுத்த வார்த்தையை உதட்டால் எடுத்துக் கொடுத்தேன். "என் தகப்பனார்."

அவள் சொன்னாள். கடகடவென்று, ஓரிடத்திலும் குரலை ஏற்றாமல் இறக்காமல், பேர் வாசிப்பதுபோல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அந்தத் தட்டையான குரலே விருந்தினர்களை உலுக்கிவிட்டது. தேநீர் வேளையில் ஒரு மூதாட்டி கோவிந்தனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, கர்த்தர் உங்களை எவ்வளவு பெரிய பாதாளத்திலிருந்து தூக்கியிருக்கிறார் என்று அழுதார். அவர் கையை விடுவித்துக்கொள்ளத் தெரியாமல் நின்றார். பிறகு தேநீர் டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு முதல்வர் அறை எது என்று கேட்டார்.

என்னையும் அலமேலுவையும் உள்ளே கூப்பிட்டார்கள். கோவிந்தன் முதல்வருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதல்வர் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கோவிந்தன் கோபப்படவில்லை. "நான் குடிச்சதுமில்ல, அவங்கம்மாவ ஒரு அடி அடிச்சதுமில்லிங்க. எம் பொண்ணு இன்னாத்துக்கு அப்பிடிச் சொல்லுச்சுன்னு தெரிஞ்சா போதும்" என்றார்.

முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். என்னைப் பார்த்துக் கேட்டார். "அந்தச் சாட்சி அவள் எழுதியதா, நீர் எழுதியதா?"

அந்த நேரத்தில் மனசு எங்கெல்லாம் ஓடியது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். வெளியே விருந்தினர்கள் என் பெயரைச் சொல்லிப் பாராட்டிக்கொண்டிருப்பது ஜன்னல் வழியாகக் கேட்டது. ஓய்வுக்கு ஐந்து மாதம் இருந்தது. அலமேலுவின் கையில் அந்தத் தாள் தீப்பெட்டி அளவுக்கு மடிந்திருந்தது. அதில் என் சிவப்பு எழுத்து இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் அதைப் பிரித்து மேசையில் வைத்தால் கதை முடிந்தது. அவள் வைக்கவில்லை. நானே சொல்வேன் என்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாங்கள் மொழியை மட்டும்தான் திருத்துவோம் ஐயா" என்றேன்.

பக்கத்து அறையில் டம்ளர் கழுவும் சத்தம் கேட்டது. அலமேலு கையை முந்தானைக்குள் எடுத்துக்கொண்டாள். "நான்தாம்ப்பா சொன்னேன்" என்றாள்.

"சரிம்மா" என்றார் கோவிந்தன். எழுந்தார். சமையல்கட்டு எந்தப் பக்கம் என்று என்னிடம்தான் கேட்டார். கை காட்டினேன். சிற்றாலயத்துக்குப் போய் மூட்டையைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டில் இறக்கிவைத்துவிட்டு, மகளிடம் வரேன் என்று சொல்லிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். அன்று இரவு விடுதியில் சாமைச் சோறு. எனக்கும் ஒரு தட்டு வந்தது, நான் பசியில்லை என்று திருப்பி அனுப்பினேன். அது ஒன்றுதான் அன்று நான் செய்த மரியாதை.

அந்தப் பருவம் முழுவதும் அலமேலு என் வகுப்புக்கு வந்தாள். என்னை எதிலும் காட்டிக்கொடுக்கவில்லை, எதிலும் மரியாதை குறைக்கவில்லை. பிரசங்கப் பயிற்சி வந்தபோது வேதபாகத்தை வாசித்துவிட்டு, சொந்தமாக ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்துவிடுவாள். நான் அவளுக்கு மார்க்கை மட்டும் தாராளமாகப் போட்டேன். அக்டோபரில் பருவம் முடிந்து ஊருக்குப் போனவள் நவம்பரில் திரும்பவில்லை. தொடக்க நாளில் முதல்வர் "வெள்ளிமலை, கோவிந்தன் மகள் அலமேலு" என்று வாசித்து, பேனா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். யாரும் வரவில்லை. அவர் அடுத்த பெயருக்குப் போகாமல் வெகுநேரம் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, நீர் போய்ப் பார்த்துவிட்டு வாரும் என்றார். கேள்வி எதுவும் கேட்கவில்லை.

கச்சிராயபாளையம் வழியாக மலை பஸ். மழை பெய்து ஓய்ந்திருந்தது, வளைவுக்கு வளைவு மண் சரிந்து கிடந்தது. வெள்ளிமலையில் இறங்கி ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு போய், அதற்குப் பிறகு நடை. பஸ்ஸில் ஏறும்போது, உடம்பு சரியில்லையா, கல்யாணப் பேச்சா என்று விசாரித்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். நடக்க நடக்க அது முடியாது என்று தெரிந்துபோயிற்று.

கோவிந்தன் சாமைக் கதிர் அடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு கட்டிலை இழுத்துப்போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே, அந்தச் சாட்சியை எழுதியது நான், உங்கள் மகள் எழுதியதை அடித்துவிட்டு நான்தான் எழுதினேன், அன்று அறையில் பொய் சொன்னேன் என்று சொன்னேன். சொல்லி முடித்ததும் பெரிய காரியம் செய்துவிட்டதுபோல எனக்கு மூச்சு வாங்கியது.

"தெரியுங்க சாரு" என்றார்.

எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"அங்கியே தெரியும். எம் பொண்ணு என்னத் தகப்பனாருன்னு என்னிக்கிச் சொல்லியிருக்குது? அது எங்க வூட்டுப் பேச்சு இல்லிங்க." கதிரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே பேசினார். "ஒரு வாரம் முன்னாடியே போன் பண்ணி, உன்னப் பத்தித்தாம்ப்பா பேசப்போறேன், வான்னு கூப்ட்டுச்சு. வேல கெடக்குது, வர முடியாதுன்னுட்டு, பொறவு மனசு கேக்காம சொல்லாமயே கெளம்பி வந்தேன். அப்ப வேற எழுதியிருந்துதாம், பொறவு சொல்லுச்சு. அந்த ரூம்புல நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். நீங்க சொல்லல. அது சொல்லுச்சு. வாத்தியாரக் காப்பாத்துதுன்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

அவர் அதோடு நிறுத்திக்கொண்டார். மீதியை அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். விழாவில் யாரோ எடுத்த வீடியோ மலைக்கு வந்து சேர்ந்திருந்தது. எப்போது குடித்தாய், எப்போது சாமியை மாற்றினாய், எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று பங்காளிகள் கேட்டிருக்கிறார்கள். கோயில் காரியத்துக்கு அவரை அந்த வருஷம் கூப்பிடவில்லை. அதற்கும் அவர் மகளைக் குறை சொல்லவில்லையாம். சொல்லாததுதான் மகளால் தாங்க முடியவில்லை.

அலமேலு பால் இல்லாத டீ கொண்டுவந்தாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். கல்லூரிக்கு வா, உன் படிப்பு என்னால் கெடக்கூடாது என்று கெஞ்சினேன். அவள் அப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள். "எங்க சொன்னேனோ அங்க நீங்க சொல்லுங்க சார். எங்கப்பா அப்பிடி இல்லன்னு அந்தச் சிற்றாலயத்துல எல்லாரும் கேக்கச் சொல்லுங்க. அன்னிக்கே நான் வரேன்."

உடனே சரி என்றேன். வாக்குக் கொடுப்பதில் நான் எப்போதும் தாராளம்.

மறுநாள் காலை முதல்வரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. திங்கட்கிழமை காலை ஜெபத்தில் சொல்லிவிடும் என்றார். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அடுத்த வெள்ளிக்கிழமை என் பிரிவுபசார விழா. வெளியூரிலிருந்தெல்லாம் பழைய மாணவர்கள் வருகிறார்கள். என் ஏற்புரையில் சொல்கிறேன், அப்போதுதான் எல்லோரும் கேட்பார்கள் என்றேன். முதல்வர் கண்ணாடியைத் துடைத்தார். "யாருக்காக?" என்று கேட்டார். அவர்களுக்காகத்தான் என்றேன். அந்தப் பதிலையும் அவர் எடுத்துக்கொண்டார். கோவிந்தனுக்குப் போன் செய்து, வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு என்று நேரமும் சொன்னேன்.

விரிவுரையாளர் தம்பிக்கு ஒரு வார்த்தை. அந்தத் தாளைக் கேட்டீர்கள். அது என்னிடம் இல்லை, இருந்தாலும் தரமாட்டேன். இதை முதல் வகுப்பில் வாசியுங்கள். அப்பா பெயரையும் பெண் பெயரையும் ஊர்ப் பெயரையும் மறைக்க வேண்டாம். கோவிந்தன் குடிக்காதவர், மனைவியை அடிக்காதவர், மகளுக்குத் தலை பின்னிவிட்டவர் என்பதை அந்தக் கட்டடத்துக்குள் ஒரு தடவையாவது யாராவது சத்தமாகச் சொல்ல வேண்டும். அலமேலு இப்போது வெள்ளிமலையில் பிளவுஸ் தைக்கிறாள் என்று கேள்வி. எந்தச் சபைக்கும் போவதில்லை என்றும் கேள்வி. மீதி நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை சிற்றாலயம் நிறைந்திருந்தது. நான் சொல்ல வேண்டியதை ஆறு வரியாக எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். எனக்கு முன்னால் ஒன்பது பேர் பேசினார்கள். எல்லோரும் போதகர்கள், எல்லோரும் என் ஐந்து படிகளில் ஏறிப் போனவர்கள். உண்மையை உள்ளபடி பேசக் கற்றுக்கொடுத்தவர் இவர் என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். கதவோரம் கோவிந்தன் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு மூட்டை இல்லை. தோள் துண்டை இடுப்பில் கட்டியிருந்தார், யாரோ இடம் காட்டியும் உட்காரவில்லை. முதல்வர் மேடையில் என் பக்கத்தில் இருந்தார்.

நான் எழுந்து இருபது நிமிஷம் பேசினேன். விடுதிச் சாம்பாரைப் பற்றிச் சொன்னேன், சிரித்தார்கள். இறந்துபோன சகாக்களை நினைவுகூர்ந்தேன், கண் கலங்கினார்கள். கை சட்டைப்பைக்குப் போனது. தாளை விரல் தொட்டது. அப்போது என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "இத்தனை வருஷத்தில் என்னால் யாருடைய மனமாவது அறிந்தோ அறியாமலோ புண்பட்டிருந்தால் மன்னிக்க வேண்டும்." எல்லாப் பிரிவுபசாரத்திலும் எல்லோரும் சொல்வது. பெருந்தன்மை என்று நினைத்து முன்னைவிடப் பலமாகக் கை தட்டினார்கள். முதல்வர் தட்டவில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு சால்வை போடுகிறவர்கள் வரிசையாக வந்தார்கள். வரிசையில் கோவிந்தனும் வந்தார். அவர் கையில் ஒன்றும் இல்லை. என் முன்னால் வந்து கும்பிட்டார்.

"நல்லாப் பேசுனீங்க சாரு" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். இல்லை. "நாங்க கெளம்பறோங்க, நாலு மணிக்கு வண்டி."

நாங்கள் என்றால் யார் என்று கேட்டேன்.

"அலமேலு வந்துகீதுங்க. பொட்டியோட வந்துது. நீங்க சொன்னதும் வந்து கூப்புடறேன், அதுவரிக்கும் கேட்டாண்டயே நில்லுன்னு சொல்லிட்டு உள்ள வந்தேன். நின்னுக்கினு கீது. போயிச் சொல்லணும்."

சிற்றாலயத்திலிருந்து கேட்டுக்கு ஐம்பது அடி இருக்கும். கோவிந்தன் திரும்பிக் கதவை நோக்கி நடந்தார். அவருக்குப் பின்னால் நின்றவர் சால்வையை விரித்துவிட்டிருந்தார். நான் குனிந்து கழுத்தைக் காட்டினேன்.